உரசிப் பார்த்த தோடு

ஏறுகிற ஆளையெல்லாம் கள்ளன் என்று நினைக்கத் தெரிந்தவன்தான் பஸ்ஸில் செக்கர் வேலை பார்க்க முடியும். பொன்னுத்துரைக்கு அது பிறவியிலேயே வந்தது. ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே ஓடின தனியார் பஸ்களில் ஏறி இறங்கியே தலை நரைத்தது. வேலை ஓய்ந்தது, காக்கிச் சட்டை கிழிந்து கரித்துணியானது, சந்தேகம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. பால்காரன் ஊற்றின பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், கொடுத்தவன் எதிரேயே நிற்கும்போது. கேட்டால், “பாக்குறதுல என்ன தப்பு, நல்லதா இருந்தா நல்லதுன்னு சொல்லப்போறேன்” என்பார்.

அந்த மனுஷன் வீட்டு மாடியில்தான் கம்பெனி நடந்தது. செல்போனில் விளையாடுகிற வீடியோ கேம் செய்கிற கம்பெனி. மகள் கீர்த்தனா ஆரம்பித்தது. ஒரே மகள், கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது.

கீர்த்தனா அப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பியூட்டர் கம்பெனியில் இருந்தாள். சனி ஞாயிறு வந்தால் கூடப் படித்த இரண்டு பேரோடு மாடியில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். ஜெரோம் படம் வரைகிறவன், இசைவாணி கணக்குப்புலி. ஆறு மாதம் தட்டி ஒரு கேம் செய்து முடித்தார்கள். அதை உலகம் பூராவும் இருக்கிற போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கடை இருக்கிறதாம், போனுக்குள்ளேயே. அந்தக் கடையில் சரக்கு வைக்க ஒரு ஆள் பேரில் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். கீர்த்தனா பேரில் ஆரம்பித்தால் கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரன் வேலையை விட்டுத் தூக்கிவிடுவான். ஜெரோம் தன் பேரில் போடலாம் என்றான்.

பொன்னுத்துரை கீழே இருந்தபடியே அதைக் கேட்டுவிட்டு மாடி ஏறினார். வேற்றாள் பேரில் வைத்தால் நாளைக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டு நீ யார் என்று கேட்பான், நீ வாசலில் நிற்பாய் என்று ஜெரோமை வைத்துக்கொண்டே சொன்னார். அப்படியானால் உங்கள் பேரிலேயே வைக்கலாம் அப்பா என்றாள் மகள். என் ஆதாரை நான் எவனுக்கும் கொடுத்தது கிடையாது, கொடுக்கவும் மாட்டேன் என்றார். கடைசியில் அவரே வழி சொன்னார். பெண்டாட்டி சோலையம்மாளின் தம்பி வீரன், செம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான், கீர்த்தனாவுக்குத் தாய்மாமன். ரத்தம் ஏமாற்றாது.

வீரனும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆதாரைக் கொடுத்தார், போன் நம்பரைக் கொடுத்தார், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் கடையிலிருந்து எப்போது வருமானம் வந்தாலும் அவர் பேரில் வந்து விழும், அன்றைக்குச் சாயங்காலமே மருமகளுக்கு அனுப்பிவிடுவார். பொன்னுத்துரை முதல் ஒரு வருஷம் சரிபார்த்தார். ஒரு பைசா குறையவில்லை. சரிபார்க்கிறதை அவர் நிறுத்தவும் இல்லை.

கேமுக்குச் ‘சில்லறை’ என்று பேர் வைத்தார்கள். ஆடுகிறவன்தான் கண்டக்டர். பஸ்ஸில் ஜனம் பிதுங்கும். டிக்கெட் கிழிக்கணும், சில்லறை கொடுக்கணும், படியில் தொங்குகிறவனை உள்ளே இழுக்கணும், விசில் கொடுக்கணும். ஏதாவது ஒரு ஸ்டாப்பில் சொல்லாமல் கொள்ளாமல் செக்கர் ஏறுவார். அவரிடம் மாட்டினால் ஆட்டம் குளோஸ். சேலத்துப் பையன் ஒருத்தன் இதை ஆடி வீடியோ போட்டான், அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே பஸ் ஓட்டினார்கள்.

டீக்கடையில் ஒரு நாள் அந்தோணிராஜ் என்கிற ஆட்டோக்காரன், “என்ன செக்கரே, நேத்து என்னய மூணு வாட்டி எறக்கிவிட்டீரு. அம்புட்டு வன்மமாய்யா எம் மேல?” என்றான். போனை வாங்கிப் பார்த்தால், அதே கொம்பு மீசை, அதே குடை, கையில் அதே ரெக்ஸின் பை. பொன்னுத்துரையேதான். மகள் கேட்காமல் செய்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கத்த வேண்டும் என்றுதான் நடந்தார், வாசலுக்கு வருவதற்குள் கோபம் போன இடம் தெரியவில்லை. மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கீர்த்தனா கோயம்புத்தூர் வேலையை விட்டாள். மாடித் தகரத்துக்குக் கீழே சீலிங் போட்டு ஏ.சி. மாட்டினார்கள். ‘மாடிப்படி கேம்ஸ்’ என்று வாசலில் போர்டு. ஜெரோமும் இசைவாணியும் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார்கள். ஜெரோம் அவ்வப்போது, இனி கணக்கைக் கம்பெனி பேருக்கு மாற்றிவிடலாமே என்பான். ஓடுகிற வண்டிக்கு எதற்கு டயர் மாற்றுகிறாய் என்பார் பொன்னுத்துரை. கீர்த்தனாவுக்கும் அப்போது வயிற்றில் பிள்ளை, செய்யலாம் செய்யலாம் என்றே நாள் போனது. பெண் பிள்ளை பிறந்தது. புருஷன் முகேஷ்குமார் திருப்பூரில் வேலை, வாரம் ஒருதரம் வந்து போவார்.

ஐப்பசியில் பாப்பாவுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். கீர்த்தனாவுக்குச் சகோதரன் இல்லாததால் பிள்ளையை மடியில் வைக்கிற பாத்தியம் வீரனுக்கு. மனுஷன் ஊரையே திரட்டிக்கொண்டு வந்தார். இரண்டு டெம்போ, மேளம், தட்டுத் தட்டாகச் சீர், முன் தட்டில் சிவப்புப் பட்டுத் துணியில் ஒரு ஜோடித் தோடு. வேப்ப மரத்தடியில் மணை போட்டு, பத்தர் ஊசியும் குறடும் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். வீரன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துத் தோட்டை எடுத்துப் பத்தரிடம் நீட்டினார்.

நடுவில் பொன்னுத்துரையின் கை வந்தது. தோட்டை வாங்கினார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். பத்தரிடம் கொடுத்துச் சொன்னார்:

“குத்துறதுக்கு முன்னால ஒரு உரசு உரசிப் பாரும் பத்தரே. கலப்படமா இருந்தா பச்சப்பிள்ள காது சீழ் வச்சிரும்.”

மேளக்காரன் கை தானாகவே நின்றது. சோலையம்மாள், “ஏங்க” என்றாள். பத்தர் என்ன செய்வார் பாவம். தலையைக் குனிந்துகொண்டு உரசினார். சுத்தத் தங்கம் என்றார். பொன்னுத்துரை, “அப்பச் சரி, குத்தும்” என்றார். பாலில் தண்ணீர் இல்லை என்று சொன்ன மாதிரி.

வீரன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்தார். கீர்த்தனா மடியில் கொண்டுபோய் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே இரண்டு டெம்போ ஜனமும் எழுந்தது. அந்தப் பக்கம் கிடாக்கறி வெந்து இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் கை நனைக்கவில்லை. நம் பக்கத்தில் விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல நேரம் முடியப் போகிறது, சகோதரன் இடத்தில் யாராவது உட்காருங்கள் என்று பத்தர் அவசரப்படுத்தினார். பங்காளிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மரத்தடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஜெரோமைப் பார்த்து, “நீ வந்து உக்காருடா” என்றாள் கீர்த்தனா. ஜெரோம் மடியில் வைத்துத்தான் காது குத்தினது. வேற்றாள் என்று பொன்னுத்துரை சொன்ன அதே ஜெரோம்.

அது செம்பட்டிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? வீரன் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில் மாடியில் கடைக் கணக்கைத் திறந்து வைத்திருந்த கம்பியூட்டர் படுத்துவிட்டது. புதுசு வாங்கி வைத்தார்கள். புது மெஷினிலிருந்து கடைக்குள் நுழைய வேண்டும் என்றால் கணக்குக்காரருடைய போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வருமாம், அதைப் போட்டால்தான் கதவு திறக்குமாம். கீர்த்தனா மாமாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே கடைக்காரனிடமிருந்து கடுதாசி வந்தது: கணக்கு வைத்திருக்கிற ஆள் நிஜமான ஆள்தானா என்று இனி எல்லாரையும் சரிபார்க்கிறோம், கார்த்திகைக் கடைசிக்குள் உள்ளே வந்து காகிதத்தைக் காட்டி முடிக்காவிட்டால் கணக்கையும் அதிலிருக்கிற சரக்கையும் எடுத்துவிடுவோம். காகிதமெல்லாம் ரெடி. வீரனின் ஆதார் நகல் பீரோவில் கிடக்கிறது. உள்ளே நுழைகிற நம்பர் ஒன்றுதான் வேண்டும். வேறு பேரில் புதுக் கணக்கு ஆரம்பித்து அதே கேமை வைக்கலாமே என்று பொன்னுத்துரை கேட்டார். இதே சரக்கு ஏற்கெனவே இருக்கிறது, நீ திருடன் என்று வெளியே தள்ளுவான் என்றாள் இசைவாணி. இம்புட்டு நாள் சேர்ந்த ஜனமும் சேர்ந்த பேரும் அதோடு போய்விடும்.

கீர்த்தனா செம்பட்டிக்கு நேரில் போனாள். வீரன் அவளை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார், பாப்பா தவழ்கிறாளா என்று கேட்டார். “உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தாயி. ஒங்கப்பன வரச்சொல்லு” என்றார். அதற்கு மேல் எது கேட்டாலும் தேங்காய் எண்ணுகிற ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பொன்னுத்துரை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் என்ன தப்பாகச் சொன்னேன், தங்கம் தங்கம்தானே என்று வந்ததே, அதில் அவனுக்குத்தானே பெருமை என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். சோலையம்மாளைப் போய்த் தம்பியிடம் பேசச் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னாள்:

“என் பொறந்தவன் குடுத்த பொன்ன ஒரசிப் பாத்த கையில சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். அதுவே பெருசு. என்னயத் தூதும் போகச் சொல்லாதீங்க.”

பத்து நாள் வீம்பில் போனது. மாடியில் சத்தமே இல்லை. கேமில் ஏதோ கோளாறாம், புதுப் போன்களில் பஸ் பாதி வழியில் நின்றுபோகிறதாம், அதைச் சரிபண்ணி வைத்தும் உள்ளே ஏற்ற முடியவில்லை. ஆடுகிறவர்கள் கண்டபடி எழுதுகிறார்கள், செத்தாயா இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஜெரோம் அதையெல்லாம் படித்துவிட்டுப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொன்னுத்துரை அவனைத் தாண்டித்தான் தண்ணித் தொட்டிக்குப் போக வேண்டும். அந்தப் பயல் ஒரு வார்த்தை, அன்றைக்கே என் பேரில் வைத்திருந்தால் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பார். அவன் காலை ஒதுக்கி வழி விட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு காலையில் பொன்னுத்துரை செம்பட்டி பஸ் ஏறினார். மண்டியில் வீரன் கல்லாவில் இருந்தார். எப்போதும், “வாங்க மச்சான்” என்று எழுந்து நிற்கிற ஆள். அன்றைக்கு, “வாங்க” என்றார், உட்கார்ந்தபடி. அதோடு நின்றது. முறைப் பேரை முழுங்கிவிட்டார்.

பொன்னுத்துரைக்குச் சுற்றிப் பேசத் தெரியாது. நான் செய்தது தப்புத்தான், பிள்ளைகள் பிழைப்பு நம்பரில் நிற்கிறது, கொடுத்துவிடு மாப்ளே என்றார். தட்டு வைத்து, வேட்டி துண்டு வைத்து, எல்லாரையும் கூட்டி மறுபடி மரியாதை செய்கிறேன் என்றார். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு நீளமாகக் கெஞ்சினதில்லை, நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

வீரன் ஒரு தேங்காயை எடுத்தார், காதருகே வைத்து ஆட்டினார், கீழே போட்டார்.

“தட்டு எனக்கெதுக்கு? எம் மடியில வச்சுக் குத்தவேண்டிய பிள்ளைய எவன் மடியிலயோ வச்சுக் குத்தியாச்சு. குத்துன காது குத்துனதுதான். அது தூந்து போச்சுன்னாச் சொல்லுங்க. எம் மடியில வச்சுக் குத்துறேன். நம்பரு என்ன, போனையே கழட்டித் தாரேன்.”

வீரன் அதை நடக்காது என்கிற அர்த்தத்தில் சொன்னார். காக்கா வெள்ளையாகட்டும் பார்க்கலாம் என்கிற மாதிரி. மண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுத்துரை மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பச்சைக் காது. குத்தி ஒரு மாதம்தான் இருக்கும். தோட்டைக் கழற்றிவிட்டால் இரண்டு நாளில் ஓட்டை அடைத்துத் தூர்ந்துவிடும். மார்கழி பிறந்தால் விசேஷம் வைக்க முடியாது, கெடுவும் அதற்கு முன்னால்தான் முடிகிறது. அதற்குள் வீரன் மடியில் வைத்து இன்னொரு குத்து. பிள்ளை சித்த நேரம் அழும், அப்புறம் சரியாகிவிடும். எல்லாம் சரியாகிவிடும்.

முழுகுகிறவன் பாம்பைக் கூடக் கயிறு என்றுதான் பிடிப்பான்.

மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். வலது காதில் திருகைச் சுழற்றினார். பிள்ளை அவருடைய மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். இடது காதைத் தொடுவதற்குள் சோலையம்மாள் கூப்பிட்டுவிட்டாள். தோடு எங்கே என்று கேட்டதற்கு எங்கேயோ விழுந்துவிட்டது, தேடலாம் என்றார். அன்றைக்கு வீடு பூராவும் பெருக்கித் தேடினாள் சோலையம்மாள். கூடவே அவரும் குனிந்து குனிந்து தேடினார், இடுப்பில் அதை வைத்துக்கொண்டே. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் சீட்டுக்கடியில் தேடுகிறவனை எத்தனை பேரைப் பிடித்திருப்பார். அப்படித்தான் இருந்தது.

காது தூர்ந்தது. மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டியது. மூன்றாம் நாள் காது மடல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. காய்ச்சல் கொதித்தது. பிள்ளை பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கீறிச் சுத்தம் பண்ணி மருந்து வைத்துக் கட்டினார்கள். கீர்த்தனா பிள்ளையோடு பிள்ளையாக அழுதாள். அவள் மாடிக்குப் போகிறதையே விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் கடைக்காரன் கொடுத்த கெடு முடிகிற நாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது அதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சோலையம்மாள் தானாகவே தம்பிக்குப் போன் போட்டாள். பிள்ளைக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

வீரன் மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். சட்டையெல்லாம் தேங்காய் நார். யாரையும் பார்க்கவில்லை, பிள்ளையை வாங்கித் தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார். கட்டுப்போட்ட காதைப் பார்த்து, “என் அம்மா” என்றார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாப்பா அவர் மேல் சாய்ந்து முனகியது. சோலையம்மாள் சுவரோடு நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கீர்த்தனா மாமா தோளில் தலையை வைத்தாள். பொன்னுத்துரை நிலைப்படியில் நின்றார்.

வீரன் சட்டைப் பையில் போன் பாதி வெளியே தெரிந்தது. பொன்னுத்துரைக்குக் கண் அங்கேயே போனது. கீர்த்தனாவுக்கும் போயிருக்கும். ஆனால் அவள் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், ஒரு வாய் காப்பி குடிக்கட்டும், வீரனாகவே நம்பரைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தார். அப்படித்தான் நடந்தும் இருக்கும்.

மாடியில் ஜெரோமும் இசைவாணியும் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் அவர்களுக்கும் கேட்டது. வீரன் வந்துவிட்டார், எல்லாம் பேசி முடிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். கெடுவுக்கு மிச்சம் இருக்கிற பொழுது அவ்வளவுதான். பாவம், நம்பர் கேட்கிற பட்டனை அமுக்கிவிட்டார்கள்.

வீரன் பையில் போன் கூவியது.

எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கீர்த்தனா தலை சாய்ந்திருந்த தோளை மெல்ல விலக்கினார். கையை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார், கழுத்தில் வைத்தார், வயிற்றில் வைத்தார். சூடு நிஜம்தானா என்று பார்க்கிறார் என்பது பொன்னுத்துரைக்கு உடனே புரிந்தது. வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியும்.

“காச்ச இருக்கு. நெசந்தான்” என்றார் வீரன். “காது எப்படிச் சீழ் வச்சுச்சு? நான் போட்டது தங்கமாச்சே. ஒரசிப் பாத்தீகளே.”

தோடு தொலைந்துபோனது, ஓட்டை அடைத்துக்கொண்டது என்று சோலையம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். அவளை முடிக்கவிட்டிருக்கலாம். பொன்னுத்துரைக்கு முடியவில்லை. இடுப்பிலிருந்து தோட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

“நாந்தான் கழட்டுனேன். தூந்தாக் குத்துறேன்னு சொன்னேல்ல மாப்ளே. அதான்.”

கீர்த்தனா அப்பனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளைப் பார்த்துத் திருப்பிக்கொள்கிற மாதிரி. சோலையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீயெல்லாம் மனுசனாய்யா” என்றார் வீரன். சத்தம் போடவில்லை. அதே மூச்சில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். கோபத்தில் சொன்ன சொல்லாச்சே, சொல்லாமல் இருந்திருக்கலாமே, பிள்ளை காதைக் கெடுத்து வச்சது நாந்தானே என்று தனக்குள்ளேயே புலம்பினார். யார் மேல் எவ்வளவு குற்றம் என்று அவர் மனசில் ஒரு தராசு ஆடி ஆடி நின்றது. அது நிற்கிற வரைக்கும் போன் கையிலேயே இருந்தது. பிள்ளை மறுபடி அழுதது. பிள்ளையை அக்காளிடம் கொடுத்தார். எழுந்து வந்து போனைப் பொன்னுத்துரை கையில் திணித்தார்.

“கொண்டு போ. பிள்ளைக பொழப்ப எதுக்குக் கெடுக்கணும். கொண்டு போய்யா.”

பொன்னுத்துரை மாடிப்படியில் ஓடினார். அந்த வயசில் அந்தப் படியில் அவர் ஓடிப் பார்த்ததில்லை. நடுப்படியில் வேட்டி தடுக்கி முழங்கால் தேய்ந்தது, போனை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஜெரோம் வாசலுக்கே வந்து வாங்கினான். இசைவாணி நம்பரைப் போட்டாள். நம்பர் செத்துப்போய்விட்டது என்று காட்டியது. பத்து நிமிஷம்தானாம் அதற்கு ஆயுசு. கீழே யார் யோக்கியன் என்று உரசிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது ஓடிவிட்டது.

இன்னொரு தடவை கேளு என்றார். கேட்டாள். அடிக்கடி கேட்டுவிட்டீர்கள், நாளைக்கு இதே நேரம் வந்து கேளுங்கள் என்று கடைக்காரன் கதவைச் சாத்தினான். ஒரு மாதமாகத் தினமும் ஆசையில் அந்தப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தவர்கள்தானே. நாளைக்குக் கேட்க அங்கே கடையே இருக்காது.

பொன்னுத்துரை யாரையாவது போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். எங்கே இருக்கிறான், எந்த ஊர், ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறேன், காலில் விழுகிறேன் என்றார். ஜெரோம், “அப்பிடி ஒரு ஆளே கெடையாதுப்பா, மெசினு” என்றான். அதுவரைக்கும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவான். அப்பா என்று அன்றைக்குத்தான் வந்தது. எதற்கு அந்த நேரத்தில் வந்ததோ. பொன்னுத்துரை படியில் உட்கார்ந்து, அவன் உட்காருகிற அதே படியில், தலையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கேம் கடையில் இல்லை. தேடினால் வேறு எதையெதையோ காட்டியது.

வீரன் அன்றைக்கு அங்கேயேதான் இருந்தார். சோலையம்மாள் சோறு போட்டாள், ரசமும் தொட்டுக்க ஒரு வெஞ்சனமும்தான். கையை நனைத்துச் சாப்பிட்டார். எல்லாம் போனபிறகு.

தைக்குள் மாடி காலியானது. கம்பியூட்டர்களை விற்றார்கள், ஏ.சி.யைக் கழற்றினார்கள். போர்டை இறக்குகிறபோது ஜெரோம் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றான், அப்புறம் வேண்டாம் என்று வைத்துவிட்டான். அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது, யாரோ கம்பெனிக்கு விளம்பரப் படம் வரைகிற வேலை. இசைவாணி சென்னைக்குப் போனாள். கீர்த்தனா பழைய கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள், இடமில்லை என்றுவிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் புருஷனிடம் போய்விட்டாள். அப்பனிடம் பேசாமல் இல்லை. மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று போனில் கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள். பொன்னுத்துரை சொல்கிறதை நம்புகிறாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர் முன்னால் யோசித்ததே கிடையாது.

வைகாசியில் பாப்பாவின் காது நன்றாக ஆறிவிட்டது. வலது காதில் தழும்பு மட்டும். வீரன் தேதி பார்த்தார். அதே குலசாமி, அதே வேப்ப மரம், அதே பத்தர். பொன்னுத்துரை கேட்டது கேட்டபடி எல்லாம் நடந்தது: தூர்ந்த காது, வீரன் மடி, இரண்டாவது குத்து. ஜெரோமுக்குச் சொல்லியிருந்தார்கள், லீவு கிடைக்கவில்லை என்றுவிட்டான்.

வீரன் ஒற்றைத் தோட்டை எடுத்து, எல்லாரும் பார்க்க, பொன்னுத்துரையிடம் நீட்டினார். “இந்தாங்க மச்சான், ஒரசிப் பாத்துருங்க” என்றார். ஜனம் சிரித்தது. பழையதை ஆற்றுகிற சிரிப்பு. பொன்னுத்துரை தோட்டைக் கையில் வாங்கினார், பார்க்காமல் பத்தரிடம் கொடுத்தார். கீர்த்தனா சிரிக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பத்தரின் ஊசியையே பார்த்தாள்.

ஊசி ஏறியது, பாப்பா வீறிட்டது, மேளம் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வீரன் சட்டைப் பையில் போன் கூவியது.

கீர்த்தனா எழுந்து நின்றுவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டிருக்க, கையைக் கூட விட்டுவிட்டு, என்ன என்று கேட்கிற மாதிரி மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னுத்துரைக்கும் கால் ஒரு அடி முன்னே போய்விட்டது.

வீரன் போனை எடுத்துப் பார்த்தார்.

“ரீசார்ஜ் முடியப் போவுதாம்” என்றார்.

கீர்த்தனா உட்கார்ந்தாள். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள்.